தம்பியின் கலியாணத்துக்கு முன் 'டம்மி டக்' செய்யலாமா?

கல்முனைப் பெண்:
எனக்கு 34 வயது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சீசர். சின்னவனுக்கு எட்டு மாதம், இன்னும் பால் குடிக்கிறான். தொப்புளுக்குக் கீழே தோல் மடிந்து தொங்குகிறது, மடிப்புக்குள் வியர்வை தங்கிப் புண்ணாகிறது. படுக்கையிலிருந்து எழும்பும்போது வயிற்றின் நடுவில் ஒரு மேடு தள்ளுகிறது. கொழும்பில் தனியார் மருத்துவமனையில் டம்மி டக், அதாவது தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சை, செய்யலாம் என்கிறார்கள். மூன்று மாதத்தில் தம்பியின் கலியாணம். அதற்கு முன் செய்துவிட ஆசை. என்ன சொல்கிறீர்கள்?

வாவிக்கரை மாமி:
மகள், கோபிக்க வேண்டாம். நோய் இல்லாத உடம்பில் ஏன் கத்தி வைக்க வேண்டும்? பிள்ளை பெற்றால் வயிறு விழத்தான் செய்யும். சோற்றைக் குறைத்து, விடிய எழும்பி நடவுங்கள். அந்தக் காசு பிள்ளைகளின் படிப்புக்கு உதவும்.

தேத்தாத்தீவு:
மாமி, நடந்தால் கொழுப்புக் கரையும், விரிந்த தோல் சுருங்காது. நான் நிறைய எடை குறைத்தவள், எனக்குத் தோல் அப்படியே கிடக்கிறது. புண்ணாகிறது என்கிறார், அதை எப்படி நோய் இல்லை என்று சொல்வது? தங்கச்சி, காசு இருந்தால் இப்போதே செய்யுங்கள். பிள்ளை வளரட்டும், வீட்டு வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டே எங்கள் பெண்களுக்கு வயது போய்விடுகிறது.

அக்கரைப்பற்றுத் தாதி:
செய்வது தங்கச்சியின் விருப்பம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதக் கெடுவோடு செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்த மேடு. கர்ப்பத்தில் வயிற்றின் இரண்டு பக்கத் தசைகளும் நடுக்கோட்டில் விலகும். பலருக்கு மாதங்கள் போகப் போக ஓரளவு சேரும், உடற்பயிற்சிச் சிகிச்சையும் உதவும். சிலருக்கு அந்த மேடு ஹேர்னியாவாக, அதாவது தசை இடைவெளியால் குடல் தள்ளும் குடலிறக்கமாக இருக்கும். அதை அரசாங்க ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டுங்கள், காசு தேவையில்லை. மடிப்புப் புண்ணுக்கும் இப்போதே மருந்து எடுங்கள். அதற்கு டம்மி டக் வரை காத்திருக்கத் தேவையில்லை.

டம்மி டக்கில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மற்றதுவரை வெட்டி, மிச்சத் தோலை எடுத்து, விலகிய தசையை இழுத்துத் தைப்பார்கள். முழு மயக்கத்தில் சில மணி நேரம் போகும். பிறகு ஆறு வாரமளவில் பாரம் தூக்கக் கூடாது. எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் தூக்காமல் இருக்க முடியுமா? பால் நிறுத்திச் சில மாதம் கழிந்து, எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்றால்தான் எவ்வளவு தோல் எடுக்க வேண்டும் என்றே தெரியும். இன்னொரு பிள்ளை எண்ணம் இருந்தால் அதற்குப் பிறகு வையுங்கள். கர்ப்பம் தையலையும் தோலையும் மறுபடி இழுத்துவிடும்.

தேத்தாத்தீவு:
அக்கா, எங்கள் பக்கம் கலியாணம் கட்டியும் தாய்வீட்டில்தானே இருக்கிறோம், பிள்ளையை அம்மா பார்ப்பார். நீங்கள் சொல்வதைக் கேட்டால் எந்தப் பெண்ணும் எப்போதும் தயாராக மாட்டாள்.

அக்கரைப்பற்றுத் தாதி:
அம்மா பார்த்தாலும் பிள்ளை பாலுக்கு அழுதால் தாய் கை நீட்டாமல் இருப்பாளா? நான் பயப்படுவது காலில் இரத்தம் உறைவதற்கும்தான், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தையல் போட்ட வயிற்றோடு கொழும்பிலிருந்து கல்முனைக்கு ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் குந்தி வர முடியாது. காயத்தில் கசியும் நீர் வெளியேற வைக்கும் வடிகுழாயை எடுத்து, டொக்டர் விடும்வரை அங்கேயே தங்க வேண்டும். கணக்குப் போடும்போது அந்தச் செலவையும் சேருங்கள். சீனி வருத்தம் இருந்தால் முதலில் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். வீட்டில் சிகரெட் புகை இருந்தாலும் டொக்டரிடம் சொல்லுங்கள், புகை காயம் ஆறுவதைக் கெடுக்கும். டொக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா என்றும் கேளுங்கள்.

வாவிக்கரை மாமி:
தசை விலகுவது எனக்குத் தெரியாது, அதைக் காட்டத்தான் வேண்டும். அழகுக்காக வெட்டுவதை மட்டும் இப்போதும் நான் ஏற்கவில்லை.

கல்முனைப் பெண்:
மாமி, அழகும் எனக்கு வேண்டும், அதை மறைக்கவில்லை. கலியாணத்துக்கு இருக்கிற உடம்போடு போகிறேன். மேட்டையும் புண்ணையும் இந்தக் கிழமையே கிளினிக்கில் காட்டுகிறேன். அக்கா, பால் நிறுத்திய பிறகு எடை பார்க்க எப்போது தொடங்கலாம்?

தேத்தாத்தீவு:
அதோடு ஒரு மாதத்தையும் குறித்து வையுங்கள் தங்கச்சி. 'பிறகு பார்ப்போம்' என்று மட்டும் விடாதீர்கள்.

அக்கரைப்பற்றுத் தாதி:
இப்போதிருந்தே மாதம் ஒருமுறை, ஒரே தராசில் பாருங்கள். பால் நிறுத்தும்போது எடை மாறலாம், ஆறு மாதக் கணக்கை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.