உதவி தேவை: ராத்திரி ஆரம்பிக்கிற விஎம் பேக்கப் காலை ஷிஃப்ட் வந்தும் முடியல (ப்ராக்ஸ்மாக்ஸ், பெங்களூரு)

பீன்யாக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பீன்யாவில் சிஎன்சி ஜாப் ஒர்க் பண்ற கம்பெனி எங்களுது. ஐடி டிபார்ட்மென்ட்னு சொன்னா நான் ஒருத்தன்தான், பிரின்டர்ல பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.

விஷயம் இது. ஒரே மெஷின்ல பல விர்ச்சுவல் கம்ப்யூட்டரை (விஎம்) ஓட்டற ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர் ஒண்ணு (8.4), அதுல எஸ்எஸ்டி. மேல எட்டு விஎம் ஓடுது. பெரிசு ரெண்டுதான்: ஃபைல் சர்வர் 2 டிபி, கம்பெனி வேலையெல்லாம் ஓடற ஈஆர்பி சாஃப்ட்வேரோட விஎம் 600 ஜிபி (விண்டோஸ், எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ்). பேக்கப் போறது தனியா ஒரு ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வருக்கு. அது ஒரு பழைய டவர் மெஷின், 4 டிபி ஹார்ட் டிஸ்க் நாலு, இசட்எஃப்எஸ் ரெய்டு-இசட்1 (நாலுல ஒண்ணு செத்தாலும் டேட்டா தப்பிக்கிற அமைப்பு). நெட்வொர்க் 1 ஜிபிபிஎஸ்.

ராத்திரி 11:30-க்கு ஆரம்பிக்கும். முன்னெல்லாம் மூணு மணிக்குள்ள முடிஞ்சிடும். இப்போ கொஞ்ச நாளா ஈஆர்பி விஎம் மட்டும் காலை 7:30 வரைக்கும் இழுக்குது. முதல் ஷிஃப்ட் 6 மணிக்கு. ஆபரேட்டர் ஜாப் கார்டை ஸ்கேன் பண்றார், ஸ்கேனர் பீப்னு கத்துது, ஸ்க்ரீன்ல சுத்திக்கிட்டே இருக்கு. மெஷின் முன்னாடி ஆறு பேர் வரிசையில நிக்கிறாங்க. சூப்பர்வைசர் என்னை கன்னடத்துல திட்டறது எனக்கு இப்போ நல்லாவே புரியுது.

நெட்வொர்க் வேகத்தை ஐபெர்ஃப்ல அளந்து பார்த்தேன், 940 எம்பிபிஎஸ் வருது. ஸ்விட்ச்சை ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. எஸ்.பி. ரோடுல (இங்க கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விக்கிற தெரு) பழைய 10ஜி நெட்வொர்க் கார்டு ரெண்டு வாங்கி நேரடியா கேபிள் போட்டுடலாமான்னு ஓனர் கேக்கறார். போடலாமா?

ஜாலஹள்ளி ஜங்ஷன்

இதுல என்ன யோசனை ப்ரோ? 10ஜி போடுங்க, எம்டியுவை (ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு) 9000 வைங்க, பறக்கும். எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சரியாச்சு.

கே.ஆர். புரம் அக்கா

தம்பி, பர்ஸை உள்ள வைங்க. 940 மெகாபிட் வருதுன்னா, எட்டால வகுத்தா, கம்பி நொடிக்கு 117 மெகாபைட் (எம்பி) கிட்ட சுமக்கத் தயாரா இருக்கு. உங்க பேக்கப் அந்த எல்லையைத் தொடுதான்னு முதல்ல தெரியணும். தொடலேன்னா 10ஜி போட்டாலும் இதே 7:30தான்.

ஜாலஹள்ளி சார், எம்டியு 9000 வழியில இருக்கிற எல்லா சாதனத்திலயும் ஒரே மாதிரி இருந்தாத்தான் வேலை செய்யும். ஒண்ணு விட்டுப்போனாலும் பெரிய பாக்கெட் காணாமப் போகும், அப்புறம் அதைத் தேடவே ஒரு வாரம். ஒற்றை ஆளா இருக்கிறவருக்கு அதைச் சொல்லாதீங்க.

டேட்டா மூணு இடத்தைத் தாண்டணும். சர்வர் டிஸ்க்ல இருந்து படிக்கணும், கம்பில போகணும், அந்தப் பக்க டிஸ்க்ல எழுதணும். மூணையும் தனித்தனியா அளந்தா ஆள் மாட்டிடுவான். கம்பியை நீங்க அளந்துட்டீங்க. பேக்கப் க்ளையன்ட்ல பெஞ்ச்மார்க்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதையும் ஓட்டுங்க. ஆனா அது அனுப்பற டேட்டா டிஸ்க்ல எழுதப்படாது. என்க்ரிப்ஷன், ஹாஷ் (டேட்டாவோட கைரேகை மாதிரி), நெட்வொர்க் இதுக்கெல்லாம் திராணி இருக்கான்னு மட்டும்தான் அது சொல்லும்.

அப்புறம் ஈஆர்பி விஎம்மோட டாஸ்க் லாக்ல 'டர்ட்டி-பிட்மேப் ஸ்டேட்டஸ்'னு ஒரு வரி வரும். அதையும், நடுவுல ரீட் எவ்வளவு, ரைட் எவ்வளவுன்னும் போடுங்க. யாராவது முன்னாடி வேகத்துக்கு லிமிட் வச்சிருக்காங்களான்னு விஇசட்டம்ப் (ப்ராக்ஸ்மாக்ஸோட பேக்கப் கருவி) கான்ஃபிக் ஃபைலையும் பாத்துடுங்க.

பீன்யாக்காரன்

லிமிட் எதுவும் இல்ல அக்கா. பெஞ்ச்மார்க்ல டிஎல்எஸ் (என்க்ரிப்ட் பண்ணி அனுப்பற) வேகம் நொடிக்கு 110 எம்பி காட்டுது.

ஃபைல் சர்வர் லாக்: பிட்மேப் 'ஓகே', 2 டிபில 14 ஜிபி டர்ட்டி.

ஈஆர்பி லாக்: பிட்மேப் 'கிரியேட்டட் நியூ'. ஆரம்பத்துல ரீட் 200-க்கு மேல போகுது, கால் மணி நேரத்துல விழுந்துடுது. அப்புறம் விடியற வரைக்கும் ரீட் 24, ரைட் 5 எம்பி, அவ்வளவுதான். நேத்தைய லாக், அதுக்கு முந்தினது, எல்லாத்திலயும் இதே 'கிரியேட்டட் நியூ'.

கே.ஆர். புரம் அக்கா

அந்த 'கிரியேட்டட் நியூ' வரிலதான் விஷயம் இருக்கு.

விஎம் ஓடும்போது டிஸ்க்ல எந்தெந்த இடம் மாறுதுன்னு விஎம்மை ஓட்டற க்யூஎம்யு ப்ரோக்ராம் குறிச்சு வச்சுக்கும். அந்தக் குறிப்புதான் பிட்மேப். அது இருந்தா மாறின இடத்தை (லாக்ல 'டர்ட்டி') மட்டும் படிச்சு அனுப்பும். இல்லேன்னா 600 ஜிபியையும் முதல்ல இருந்து படிச்சு, 4 எம்பி துண்டு துண்டா ஹாஷ் போட்டு, போன தடவை இருந்ததோட ஒப்பிட்டு, புதுசா இருக்கிறதை மட்டும் அனுப்பும். அனுப்பறது குறைவுதான், ஆனா படிக்கிறது முழுசு.

அந்தக் குறிப்பு இருக்கிறது க்யூஎம்யு ப்ராசஸோட மெமரில. விண்டோஸ் உள்ள இருந்து ரீஸ்டார்ட் கொடுத்தா ப்ராசஸ் சாகாது, குறிப்பு தப்பிக்கும். விஎம்மை ஷட்டவுன் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணா போச்சு. தினமும் புதுசா உருவாகுதுன்னா, உங்க ஈஆர்பி விஎம்மை தினமும் யாரோ நிறுத்தி ஏத்தறாங்க. யாரு?

பீன்யாக்காரன்

அக்கா, நேர்ல பார்த்த மாதிரி சொல்றீங்க. ஈஆர்பி போட்டுக் கொடுத்தவங்க 'தினமும் ஒரு தடவை நிறுத்தி ஏத்தினாத்தான் மெமரி ஃப்ரெஷ்ஷா இருக்கும்'னு சொல்லியிருக்காங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் ராத்திரி 11 மணிக்கு ஹோஸ்ட்லயே (ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர்ல) க்ரான் டைமர் போட்டு வச்சிருக்கார், ஷட்டவுன், அப்புறம் ஸ்டார்ட். அதை எடுத்துட்டு, விண்டோஸ் உள்ளயே டாஸ்க் ஷெட்யூலர்ல ரீஸ்டார்ட் வச்சுட்டேன். நாளைக்கு வந்து சொல்றேன்.

சும்மா பாக்க வந்தவன்

ஒரு சந்தேகம். படிக்கிறது சர்வர் எஸ்எஸ்டில இருந்து. படிக்கிற வேகம் ஏன் 24-க்கு விழணும்? எஸ்எஸ்டி அவ்வளவு மெதுவா?

கே.ஆர். புரம் அக்கா

கேக்க வேண்டிய கேள்வி. எஸ்எஸ்டி மேல தப்பு இருக்காதுன்னுதான் நினைக்கிறேன், ஆரம்பத்துல 200 போகுதே. எழுதற பக்கம் திணறினா, அனுப்ப வேண்டிய துண்டுகள் க்யூவுல நிக்கும், க்யூ நிறைஞ்சதும் படிக்கிறவனும் கையைக் கட்டி நிப்பான். பிட்மேப் சரியானதும் என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் பேசுவோம்.

பீன்யாக்காரன்

பிட்மேப் இப்போ 'ஓகே'. 600 ஜிபில 120 ஜிபி டர்ட்டி. ஆனா முடிஞ்சது காலை 6:40. அஞ்சுல ஒரு பங்குதான் படிக்குது, மிச்சமானது ஒரு மணி நேரம் கூட இல்ல. ரைட் அதே 5, 5.5 எம்பி. ஜாப் கார்டு வரிசை அப்படியே இருக்கு.

ராத்திரி டூட்டி

உள்ள வரலாமா? டேட்டா சென்டர்ல ஸ்டோரேஜ் பாக்கறவன், இப்போ டூட்டிலதான் இருக்கேன்.

படிக்கிறது குறைஞ்சும் நேரம் குறையலேன்னா, அடைப்பு எழுதற பக்கம்தான். பேக்கப் ஓடிட்டு இருக்கும்போதே பேக்கப் சர்வர்ல ஐஓஸ்டாட் எக்ஸ் ஆப்ஷனோட ஓட்டுங்க, நாலு டிஸ்க்குக்கும் ரைட் அவெய்ட் (எழுதக் காத்திருந்து முடியற நேரம்), யூட்டில் (டிஸ்க் எவ்வளவு பிஸி) ரெண்டும் வேணும். வெரிஃபை ஜாப் (பேக்கப் கெடாம இருக்கான்னு சோதிக்கிறது), கார்பேஜ் கலெக்‌ஷன் (தேவையில்லாத பழைய துண்டுகளை அழிக்கிறது) எப்போ ஓடுது? கடைசியா, நாலு டிஸ்க்கும் ஒரே சமயத்துல வாங்கினதா?

பீன்யாக்காரன்

வெரிஃபை ராத்திரி 12-க்கு, கார்பேஜ் கலெக்‌ஷன் மதியம். டிஸ்க்ல மூணு பழசு. ஒண்ணு போன மாசம் செத்துப்போய், அவசரத்துக்கு வேற கம்பெனி 4 டிபி வாங்கிப் போட்டது. புது டிஸ்க்ல டேட்டாவைத் திரும்ப நிரப்பற ரீசில்வர் ஆகவே ரொம்ப நேரம் எடுத்தது, பெரிய டிஸ்க் அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

ஐஓஸ்டாட், ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்தது:
மூணு பழைய டிஸ்க்: ரைட் அவெய்ட் 15-ல இருந்து 20 மில்லி செகண்ட், யூட்டில் 25 சதவீதம்.
புது டிஸ்க்: ரைட் அவெய்ட் 1100 மில்லி செகண்ட், யூட்டில் 100 சதவீதம்.

ராத்திரி டூட்டி

மாட்டிக்கிட்டான். அது எஸ்எம்ஆர் டிஸ்க்கா இருக்கும், பந்தயம் கட்டறேன். லேபிள்ல இருக்கிற மாடல் நம்பரை எடுத்து, தயாரிப்பாளரோட டேட்டா ஷீட்ல ரெக்கார்டிங் டெக்னாலஜின்னு இருக்கிற இடத்தைப் பாருங்க. இன்னொரு அறிகுறியும் உண்டு: எல்எஸ்பிஎல்கே கமாண்டை பெரிய எழுத்து டி (-D) ஆப்ஷனோட ஓட்டினா, ஹார்ட் டிஸ்க்கா இருந்தும் பல எஸ்எம்ஆர் டிஸ்க் 'எனக்கு ட்ரிம் (எஸ்எஸ்டில வழக்கமா இருக்கிற, காலியான இடத்தைத் தெரிவிக்கிற வசதி) தெரியும்'னு சொல்லும்.

சாதா டிஸ்க்ல (சிஎம்ஆர்) ட்ராக்குகள் தனித்தனியா இருக்கும். எஸ்எம்ஆர்ல கூரை ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும். அதே தகட்டுல இடம் அதிகம் கிடைக்கும், விலை குறையும். ஆனா நடுவுல ஒரு ஓடு மாத்தணும்னா அதைத் தொட்டுக்கிட்டு இருக்கிற வரிசையையே எடுத்து அடுக்கணும். அது வெளியில தெரியக் கூடாதுன்னு டிஸ்க்குக்குள்ளயே ஒரு சின்ன சாதா பகுதி கேஷா இருக்கும். முதல்ல அதுல எழுதும், அப்புறம் சும்மா இருக்கும்போது ஒழுங்கா அடுக்கும். உங்க பேக்கப் கால் மணி நேரம் நல்லா ஓடிட்டு விழுதே, கேஷ் அப்போதான் நிறையுது. அதே நேரத்துல வெரிஃபையும் அதே டிஸ்க்கைப் படிக்க விரட்டுது. அடுக்கறதுக்கு மூச்சு விட நேரம் ஏது?

ரெய்டு-இசட்ல ஒரு தடவை எழுதறது முடியணும்னா எல்லா டிஸ்க்கும் முடிக்கணும். நாலு பேர்ல மெதுவானவன் வேகம்தான் மொத்தத்துக்கும்.

வீட்டுல போட்டோ சேர்த்து வைக்க எஸ்எம்ஆர் தாராளமா போதும். இசட்எஃப்எஸ்-க்கு வேண்டவே வேண்டாம். 2020-ல நாஸ்-க்குன்னு (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) விற்ற டிஸ்க்குகள்லயே சொல்லாம எஸ்எம்ஆர் இருந்தது வெளியில வந்து உலகம் பூரா ஒரே களேபரம். அதனால பெட்டி மேல போட்டிருக்கிற வார்த்தையை நம்பாதீங்க, மாடல் நம்பர்தான் பேசும்.

கே.ஆர். புரம் அக்கா

டிஸ்க் மாத்தற வரைக்கும் காத்திருக்காம, இன்னிக்கே ரெண்டு வேலை பண்ணலாம்.

முதல்ல அந்த வரிசையில நிக்கிற ஆறு பேர். பேக்கப் ஓடும்போது, இன்னும் காப்பி ஆகாத இடத்துல விஎம் எழுத வந்தா, அங்க இருக்கிற பழைய டேட்டாவை முதல்ல பேக்கப்புக்கு அனுப்பிட்டுத்தான் எழுத விடும். பேக்கப் சர்வர் ஒரு செகண்ட் திணறினா உங்க ஈஆர்பி அந்த எழுத்துக்கு ஒரு செகண்ட் நிக்கும். ஸ்கேனர் பீப் அடிச்சும் ஸ்க்ரீன் சுத்தறது இதனாலதான். 8.2-ல இருந்து பேக்கப் ஜாப்ல அட்வான்ஸ்டு டேப்ல ஃப்ளீசிங்னு ஒண்ணு இருக்கு. போட்டா, அந்தப் பழைய டேட்டாவை லோக்கல் எஸ்எஸ்டில ஒதுக்கி வச்சுட்டு விஎம்மை உடனே விட்டுடும். எஸ்எஸ்டில இடம் இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க.

அப்புறம் 120 ஜிபி. ஒரு ராத்திரில அவ்வளவு மாற உங்க கம்பெனி என்ன பேங்கா? எஸ்க்யூஎல் ஃபுல் டம்ப் (டேட்டாபேஸோட முழு நகல்) அதே டிஸ்க்ல கம்ப்ரெஸ் ஆகி விழுதா?

பீன்யாக்காரன்

விழுது அக்கா. தினமும் ராத்திரி 10-க்கு, 90 ஜிபி கிட்ட, டி டிரைவ்ல. அங்க இருந்து ஒரு நாஸ்-க்கும் காப்பி ஆகுது.

கே.ஆர். புரம் அக்கா

அதான். கம்ப்ரெஸ் ஆன ஃபைல்ல உள்ள கொஞ்சம் மாறினாலும் வெளியில எல்லாமே புதுசாத் தெரியும், ஏற்கெனவே இருக்கிற துண்டை விட்டுடற டீடூப்புக்கு ஒண்ணும் பிடிபடாது. டம்ப்புக்குன்னு தனியா ஒரு விர்ச்சுவல் டிஸ்க் கொடுத்து, அந்த டிஸ்க்குக்கு மட்டும் பேக்கப் டிக்கை எடுத்துடுங்க. டம்ப்தான் நாஸ்-ல இருக்கே. விஎம்முக்குள்ள கெஸ்ட் ஏஜென்ட் ஓடுதான்னு பாத்துக்கோங்க, அதுதான் விண்டோஸ்கிட்ட சொல்லி டேட்டாபேஸை ஒரு கணம் சீரா நிக்க வைக்கும்.

ஜாலஹள்ளி ஜங்ஷன்

சரி ஒத்துக்கறேன், 10ஜி இப்போதைக்கு வேண்டாம். டிஸ்க் வாங்க எஸ்.பி. ரோடு போறீங்கன்னா சனிக்கிழமை மட்டும் போகாதீங்க, பைக் நிறுத்த இடம் கிடைக்காது. பில்லுல மாடல் நம்பர் முழுசா எழுதச் சொல்லுங்க, மாத்தணும்னா அதுதான் கை கொடுக்கும்.

பீன்யாக்காரன்

அப்டேட். டேட்டா ஷீட்ல எஸ்எம்ஆர்னே போட்டிருக்கு. சிஎம்ஆர் டிஸ்க் வாங்கி மாத்தியாச்சு, ரீசில்வரும் சட்டுனு முடிஞ்சது. டம்ப் தனி டிஸ்க், ஃப்ளீசிங் ஆன், கெஸ்ட் ஏஜென்ட் ஓடுது.

நேத்து ராத்திரி ஈஆர்பி: பிட்மேப் ஓகே, 22 ஜிபி டர்ட்டி, ரைட் 65-ல இருந்து 70 எம்பி. அந்த விஎம் ஆறே நிமிஷத்துல முடிஞ்சது. நம்ப முடியாம லாக்கை மறுபடி திறந்து பாத்தேன்.

ரெண்டு கேள்வி பாக்கி. வெரிஃபையை எங்க வைக்கிறது? அந்த எஸ்எம்ஆர் டிஸ்க்கை என்ன பண்றது?

ராத்திரி டூட்டி

டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டில போட்டு, வருஷக் கடைசி டிராயிங் ஆர்க்கைவ் மாதிரி ஒரு தடவை எழுதி வச்சுட்டுத் தொடாத வேலைக்குக் கொடுங்க.

வெரிஃபையை லீவு நாள் பகலுக்கு மாத்துங்க. ஏற்கெனவே வெரிஃபை ஆனதை விட்டுடு, 30 நாள் ஆனா மறுபடி பாருன்னு அதுலயே இருக்கு, அப்படியே விடுங்க. அதே லீவு நாள்ல ஈஆர்பியை வேற விஎம் ஐடில ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நெட்வொர்க் கார்டை டிஸ்கனெக்ட் பண்ணிடணும், இல்லேன்னா ஒரே ஐபில ரெண்டு ஈஆர்பி எழுந்து நிக்கும். ரீஸ்டோர்ல டேட்டா முழுசா கம்பி வழியா வரணும், ஹார்ட் டிஸ்க்ல சிதறிக் கிடக்கிற துண்டுகளைப் பொறுக்கி எடுக்கணும், அதனால ஆறு நிமிஷத்தை எதிர்பார்க்காதீங்க. எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு குறிச்சு ஓனர்கிட்ட இப்பவே சொல்லி வைங்க.

பீன்யாக்காரன்

லீவு நாள்ல பண்ணிட்டு நேரத்தை இங்கேயே போடறேன். தலைப்புல 'தீர்ந்தது'ன்னு அதுக்கப்புறம் மாத்தறேன்.