ரோடு புதுசா வந்தது, பிள்ளைகள் கடக்க வழி வரவில்லை: நகராட்சியோடு எங்கள் அனுபவங்கள்

சாலைப் பாதுகாப்பு கேட்டு நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ மனு கொடுத்தவர்கள் உங்களுக்கு நடந்ததை இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் நகராட்சி. விசைத்தறி, வாரச்சந்தை, காலையும் மாலையும் ஆள் ஏற்றிப் போகும் பனியன் கம்பெனி வேன்கள். சாலை எப்படி இருக்கும் என்று இதிலேயே பலருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் பகுதியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் போகிற சாலை வருஷக்கணக்கில் குண்டும் குழியுமாகக் கிடந்தது. பாதாள சாக்கடைக்குத் தோண்டியவர்கள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனதோடு சரி. மனு மேல் மனு கொடுத்து, ஒருவழியாகத் தார் ரோடு போட்டார்கள். தெருவே சந்தோஷப்பட்டது. ஆனால் அந்த மாதமே ஆபத்தும் தொடங்கியது. குழி இருந்தவரை ஊர்ந்து போன வேன்கள் பறக்க ஆரம்பித்தன. அரசு நடுநிலைப் பள்ளி வாசலில் ஜீப்ரா கோடு இல்லை, 'பள்ளி உள்ளது' என்ற பலகை இல்லை, வேகத்தடையும் இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டதால், சாலை விளிம்பு ஓரத்து மண்ணை விட அரைச் சாண் உயர்ந்து நின்றது. பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்த பெரியவர் ஒருவர், லாரிக்கு ஒதுங்கி வழி விடப் போய், முன் சக்கரம் அந்த விளிம்பிலிருந்து இறங்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. பழைய மேல்பரப்பைச் சுரண்டிவிட்டு, சாலை மட்டம் உயராமல் போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதமே எல்லாத் துறைகளுக்கும் எழுதியிருந்தார். எங்கள் ஊர் வரை அது வந்து சேரவில்லை.

பொறியியல் பிரிவுக்குப் போனோம். "சார், அது நம்ம ரோடு இல்லீங்க, ஹைவேஸ்ங்க" என்றார்கள். நெடுஞ்சாலைத் துறையில் கேட்டால் "அதை அப்பவே நகராட்சிக்கு ஒப்படைச்சாச்சே" என்றார்கள். இது உங்கள் எல்லோருக்கும் நடந்திருக்கும். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே நடப்பதை விட்டுவிட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். கேட்டது மூன்று விஷயம்தான். இந்தச் சாலை யாருடைய பதிவேட்டில், எங்கிருந்து எங்கு வரை இருக்கிறது? கடைசியாக எந்த நிதியில் வேலை நடந்தது? அந்த வேலையின் மதிப்பீட்டு நகல் வேண்டும்.

பதில் வந்தது. ரவுண்டானாவிலிருந்து பாலம் வரை நகராட்சி, பாலத்துக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலைத் துறை. பள்ளி இருப்பது நகராட்சிப் பகுதியில். மதிப்பீட்டை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். ஜல்லி, எமல்ஷன், தார்க் கலவை, தரப் பரிசோதனைக் கட்டணம், ஜிஎஸ்டி, தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், பணியின் விவரம் எழுதும் பெயர்ப்பலகை. பெயர்ப்பலகைக்குத் தொகை இருந்தது. ஜீப்ரா கோட்டுக்கும் ஓரத்தில் கிராவல் நிரப்புவதற்கும் ஒரு பைசா இல்லை. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எங்கள் மனுக்கள் ஏன் எங்கேயும் நகரவில்லை என்று புரிந்தது. ரோடு போட்டு முடித்த பிறகு கோடு கேட்டால் அது தனி வேலை. அதற்குத் தனி மதிப்பீடு, தனி அனுமதி, தனி டெண்டர், தனி நிதி எல்லாம் வேண்டும். ரோடு போடும் மதிப்பீட்டிலேயே இருந்திருந்தால் மொத்தத் தொகையில் அது கண்ணுக்கே தெரியாது.

அதனால் கேட்கும் நேரத்தை மாற்றினோம். எங்கள் நகராட்சியில் பிப்ரவரி, மார்ச்சில் பட்ஜெட் கூட்டம். எந்தத் தெருவுக்கு ரோடு என்ற பட்டியலைப் பொறியியல் பிரிவு டிசம்பரிலேயே தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறது. டிசம்பரில் கவுன்சிலர் அக்காவிடம் போய், "அக்கா, அடுத்து பெண்கள் பள்ளித் தெருவுக்கு ரோடு போடப் போறாங்களாம். அந்த எஸ்டிமேட்லயே கோடு, பலகை, ஓரத்துக்குக் கிராவல், பழைய தாரைச் சுரண்டற மில்லிங் நாலும் சேர்க்கச் சொல்லுங்க" என்று எழுதிக் கொடுத்தோம். கூடவே பழைய மதிப்பீட்டின் நகலையும் வைத்தோம். அவர் அதை மன்றக் கூட்டத்தில் அப்படியே வாசித்தார். பொறியாளருக்கும் எங்கள் மேல் கோபமில்லை. "முன்னாடியே சொன்னா சேர்த்துடலாம், பில் போட்ட பிறகு வந்தா நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார். பெண்கள் பள்ளித் தெருவில் இன்று தெர்மோபிளாஸ்டிக் கோடு இருக்கிறது, ஓரம் மட்டமாக இருக்கிறது. எங்கள் நடுநிலைப் பள்ளி வாசலில் இன்னும் இல்லை. அதற்கான தனி மனு இன்னமும் கோப்பில்தான் கிடக்கிறது.

ஓய்வு பெற்ற நகராட்சிக் கணக்குப் பிரிவு ஊழியர் எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. உள்ளே இருந்தவன் என்ற முறையில் பணத்தின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் "கோடிக்கணக்கில் பட்ஜெட் போடுகிறார்கள், ஒரு கோடு போட முடியாதா" என்று கேட்காத ஆளே கிடையாது.

நகராட்சிக்கு ஒரே கஜானா கிடையாது. வருவாய் நிதி தனி, குடிநீர் வடிகால் நிதி தனி, கல்வி நிதி தனி. நீங்கள் கட்டும் சொத்து வரி உள்ளே வந்ததும் பிரிந்துவிடும். அதோடு வசூலிக்கிற நூலக வரி 10 சதவீதம் நூலகத் துறைக்குப் போகும். கல்விக்கான பங்கைப் பள்ளிக் கட்டடத்துக்குத்தான் செலவு செய்யலாம், பள்ளிக்கு வெளியே இருக்கும் ரோட்டுக்குத் தொட முடியாது. மத்திய நிதிக் குழு மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15-வது நிதிக் குழு நம்மைப் போன்ற ஊர்களுக்குக் கொடுத்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதத்தைத்தான் ஊர் தேவைக்கு எடுக்க முடிந்தது, அதிலும் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்று இருந்தது. ஆக, சம்பளம், ஓய்வூதியப் பங்கு, தெருவிளக்கு கரண்ட் பில், குப்பை அள்ளும் ஒப்பந்தம் எல்லாம் சொந்த வருவாயில் ஏறும். நான் இருந்த நகராட்சியில் அதைக் கட்டி முடித்தால் மாதக் கடைசியில் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினார்களே, 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் என்று? அன்றைக்கு கவுன்ட்டரில் நான் கேட்ட வசவு கொஞ்சமில்லை. வரியை ஏற்றியவர்கள் அதில் ஒரு பங்கை ஜனங்கள் கண்ணில் படுகிற வேலைக்கு ஒதுக்கியிருந்தால் அந்தக் கோபம் பாதியாகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொன்று. சின்ன வேலைக்கு டெண்டர் எடுக்க ஆள் வரமாட்டார்கள். கோடு போடும் மெஷினை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டும், பில் பாஸாக மாதக்கணக்கு ஆகும், யார் வருவார்கள்? மூன்று முறை டெண்டர் விட்டு மூன்று முறையும் ஆளில்லாமல் மூடிய கோப்பைப் பார்த்திருக்கிறேன். பெரிய வேலையோடு சேர்த்துவிட்டால் ஒப்பந்ததாரர் மறுபேச்சில்லாமல் செய்துவிடுவார். நீங்கள் கண்டுபிடித்த வழி சரியான வழி.

பேரூராட்சி ஒன்றில் வசிக்கும் ஒருவர்:

எங்கள் தெருவில் மனு கொடுத்துச் சலித்துப்போய் இளைஞர்களே ஒரு ராத்திரி சிமென்ட் கலந்து வேகத்தடை போட்டுவிட்டார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் அது ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாக இருந்தது, வெள்ளைக் கோடும் இல்லை. மறுவாரமே ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கணவரோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த பெண் தூக்கி எறியப்பட்டார். தலையில் தையல். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் விதிப்படி பொதுவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரத்தில் வளைந்து ஏறி இறங்க வேண்டும். முன்னாலேயே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். தயவுசெய்து யாரும் தாங்களாகப் போடாதீர்கள். எங்கள் ஊரில் பிறகு செயல் அலுவலரே வந்து இடித்தார். சரியான ஒன்றைப் போடுவதற்கு மாவட்ட அளவில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள், காத்திருக்கிறோம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்:

பகுதி சபாவை யாரும் சொல்லவில்லையே! 2022-ல் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து, அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் முறையாக நகரங்களிலும் சபா நடந்தது. சென்னைக்குப் பக்கத்தில் பம்மலில் அப்போதைய முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். கிராமசபை மாதிரிதான், வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்ட வேண்டும்.

எங்கள் வார்டில் முதல் கூட்டத்துக்குப் பத்துப் பதினைந்து பேர்தான், அதிலும் பாதிப் பேர் கட்சிக்காரர்கள். இரண்டாவது கூட்டத்துக்கு நாங்கள் பெண்களாகச் சேர்ந்து போனோம். ரயில்வே சுரங்கப்பாதை ஏறி வரும் இடத்தில் நான்கு விளக்கு எரிவதில்லை, டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தில் வருகிறார்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னோம். முக்கியமாக, அதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டோம். "எழுதிக்கிறோம்மா, நீங்க போங்க" என்றபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் குறிப்பு இருந்ததால் அடுத்த மன்றக் கூட்டத்தில் கவுன்சிலரால் அதைக் காட்டிப் பேச முடிந்தது. பழைய விளக்குகளை மாற்றிக் கொடுத்தார்கள். கூடுதல் கம்பங்களுக்கு 'நமக்கு நாமே' திட்டத்தில் போனோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நாங்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். வீட்டுக்கு வீடு வசூலித்தோம். வாடகைக்கு இருப்பவர்கள்தான் முதலில் கொடுத்தார்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு தந்தை எழுதியது:

எல்லோரும் பொறுமையாக எழுதுகிறீர்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. என் மகன் கால் உடைந்து கிடந்தது, மூடாமல் விட்ட சாலை வெட்டில் விழுந்து. வரியும் கட்டி, மூன்றில் ஒரு பங்கும் கட்டி, மதிப்பீட்டையும் நாமே படித்துச் சொல்ல வேண்டும் என்றால் அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் எதற்கு? மூன்றில் ஒரு பங்கு கொடுக்க முடியாத தெருக்காரன் இருட்டிலேயே நடக்க வேண்டுமா?

முதலில் எழுதியவரின் பதில்:

அண்ணா, நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். பணம் கொடுக்க முடிந்த தெருவுக்கு வெளிச்சம், முடியாத தெருவுக்கு இருட்டு என்று ஆகக் கூடாது. அதனால்தான் விளக்கும் கோடும் நகராட்சியின் பொது மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். பொதுச் சாலையில் உயிரோடு நடந்து போவதற்குச் சந்தா வசூலிக்கும் நிலை வரவே கூடாது.

உங்கள் மகன் விஷயத்தில் ஒரு தகவல். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு இருக்கிறது. சாலையை வடிவமைக்கும், கட்டும், பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல், அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் வழக்குக்குப் பொருந்துமா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சாலை வெட்டின் புகைப்படம், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காவல் நிலையப் புகார் ரசீது மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவை விடாதீர்கள். கோவை கங்கா மருத்துவமனை எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில், 2017-ல் வந்த உத்தரவுகளில் மாவட்டந்தோறும் இந்தக் குழு இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. கலெக்டர் தலைமை. காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து, உள்ளாட்சி என்று எல்லாத் துறை ஆட்களும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது என்பதால், "எங்க ரோடு இல்லீங்க" என்ற பதில் அங்கே செல்லாது. எங்கள் பள்ளி வாசல் வேகத்தடைக்கு திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்த மனுவில், "மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டப் பொருளில் சேர்க்கவும்" என்று தலைப்பிலேயே எழுதியிருந்தோம். அதன் பிறகுதான் நெடுஞ்சாலை உதவிக் கோட்டப் பொறியாளரும் நகராட்சிப் பொறியாளரும் முதல் முறையாகச் சேர்ந்து வந்து, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அறிக்கை போயிருக்கிறது. எங்கள் மனுவின் நகல் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், உங்கள் ஊர் விவரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தால் போதும்.