விசாகப்பட்டினத்தில் சக்கர நாற்காலியோடு அலைவரை போக வழி உண்டா?

அம்மாவோடு விசாகப்பட்டினம் வந்திருக்கிறோம், நாளை மறுநாள் இரவு ரயில். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு மடக்கு சக்கர நாற்காலிதான். ராமகிருஷ்ணா கடற்கரையில் நடைபாதைவரை சிரமமில்லை, மணலில் இறக்கியதும் முன்சக்கரம் இரண்டும் புதைந்து நாற்காலி முன்னால் சாய்ந்துவிட்டது. திருப்பிப் பின்பக்கமாக இழுத்தோம், அப்புறம் பலகை போட்டும் பார்த்தோம், சரிவரவில்லை. ஹோட்டலில் கேட்டால் தெரியாது என்கிறார்கள். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் படியும் குறுகிய வழியும் என்பதால் விட்டுவிட்டோம், கைலாசகிரி மேலிருந்து கடலைக் காட்டியாயிற்று. ஆனால் காலில் அலை படவேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. சென்னை மெரினாவில் 2022-ல் மாற்றுத்திறனாளிகளுக்குப் போட்டார்களே, அந்த மரப்பாதை மாதிரி இங்கே ருஷிகொண்டாவிலோ பீமிலியிலோ தண்ணீர்வரை நாற்காலி போகிற இடம் யாருக்காவது தெரியுமா?