ஆயா வைத்திருந்த தங்கக் காசு, லுத்தரன் சபைக்காக அடித்ததாம்: உருக்கலாமா?

மஞ்சக்குப்பத்தான்:
எங்கள் ஆயா போன மாதம் தவறிவிட்டார். அவருடைய வேதாகமப் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்து ஒரு தங்கக் காசு இருந்தது. மேலே வளையம் பற்றவைத்திருக்கிறது, சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாராம். வாளைத் தோளில் சாய்த்த ஒரு தாடிக்காரர், பக்கத்தில் 1630. வளையத்தோடு 3 கிராம் 700 மில்லி. ஆயா பிறந்தது மேல்பட்டாம்பாக்கம், டேனிஷ் மிஷனில் யாரோ மிஸ்ஸியம்மா கொடுத்தது என்பார், அவ்வளவுதான் தெரியும். நகைக்கடையில் உருக்கிக் கம்மல் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். சபைப் பெரியவர் ஒருவரோ இது லுத்தரன் சபை தொடங்கியதற்கு அடித்த காசு என்கிறார். என்ன செய்யலாம்?

பழங்காசுப் பித்தன்:
தயவுசெய்து உருக்காதீர்கள்! பின்பக்கம் இன்னொரு தாடிக்காரரும் 1530-ம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரியவர் சொன்னது ஏறக்குறைய சரி. 1530 ஜூன் 25 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் லுத்தரன் பிரபுக்கள் தங்கள் விசுவாச அறிக்கையை வைத்தார்கள், லுத்தரன் சபை இன்றும் அதன் மேல்தான் நிற்கிறது. அதன் நூறாம் ஆண்டுக்கு, முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அங்கே சாக்சனிப் பகுதியை ஆண்ட யோகான் கியோர்க் அடித்த டுகாட் காசு அது. டுகாட் என்றால் 3.49 கிராம், தங்கம் 98.6 சதவீதம், மீதி 200 மில்லி வளையம் என்று வைத்தால் கணக்கு ஒத்துவருகிறது. கேரட் மெஷினில் வைத்துப் பாருங்கள், காசுப் பகுதி 916 காட்டினால் பின்னாளில் செய்த நகலாகத்தான் இருக்கும்.

பட்டறைக்காரர்:
நான் பட்டறையில் இருபது வருஷம் இருந்தவன். வளையத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள், ஊதுகுழல் சூட்டில் எழுத்து மழுங்கிவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். வளையம் இருப்பதால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள், அது உண்மை. அப்புறம், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது, யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 1530 இருக்கிறது! அந்தப் பக்கம்தான் நெஞ்சில் உரசி உரசி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. சுற்றிலும் 'நோமென் டோமினி துர்ரிஸ்' வரை படிக்க முடிகிறது.

பழங்காசுப் பித்தன்:
அது லத்தீன், அடுத்த வார்த்தை 'ஃபோர்டிஸ்ஸிமா'. நீதிமொழிகள் 18:10, "கர்த்தரின் நாமம் பலத்த துருகம்".

மஞ்சக்குப்பத்தான்:
அம்மாவிடம் படித்துக் காட்டினேன். காசை அதே மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியிலேயே வைத்துவிட்டார். கம்மலுக்கு வேறு தங்கம் பார்த்துக்கொள்கிறோம்.