பேட்டில கலைஞர்கள் உண்மையா பேசுறாங்களா?

கேள்வி: எழுத்தாளர், டைரக்டர், ஓவியர்னு நெறைய பேர் பேட்டி கேக்குறேன், எல்லாரும் "மனசுக்குப் பிடிச்சத செய்யுங்க"ன்னு முடிச்சிடுறாங்க, அதுவரைக்கும் வீட்டு வாடகை யார் கட்டுனாங்கன்னு ஒருத்தரும் வாயே தொறக்கல. மனசு விட்டுப் பேசுற பேட்டிய எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில் 1: கேள்விய பாருங்க. "உங்க லட்சியம் என்ன"ன்னு கேட்டா மேடைப்பேச்சுதான் வரும், எத்தன மணிக்கு உக்காருவீங்க, எழுதுனதுல எவ்ளோ கிழிச்சுப் போடுவீங்கன்னு கேட்டா ஆள் தன்னால இறங்கி வருவாரு. 1962ல பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோ, த்ரில்லர் பட டைரக்டர் ஹிட்ச்காக்க நாள்கணக்கா உக்கார வச்சு ஒவ்வொரு படமா நோண்டுனாரு, ஓடாத படத்தப் பத்தியும் மனுஷன் பேசிட்டாரு.

பதில் 2: படபடன்னு கொட்டுனாதான் உண்மைன்னு இல்லீங்க. பாரிஸ் ரிவ்யூங்கிற இலக்கியப் பத்திரிகை 1953லேர்ந்து எழுத்தாளர் பேட்டி போடுது, அதுல பேட்டி குடுத்தவங்களே பிரதிய வாங்கித் திருத்துறது வழக்கம். யோசிச்சு சொன்னதும் உண்மைதானே? ஆனா படம் ரிலீஸ் ஆகுற வாரத்துல வர்ற பேட்டி, அத நான் தொடுறதே இல்ல.

கேட்டவர்: வாடகை மேட்டர் அப்படியே நிக்குதே சாமி :)

பதில் 1: கவிஞர் எலியட் பேங்க்ல வேல பாத்தாரு, எழுத்தாளர் காஃப்கா இன்சூரன்ஸ் ஆபீஸ்ல. காஃப்காவோட கடிதங்கள்ல ஆபீஸ் புலம்பல் நெறையவே இருக்கு, பேட்டிய விட்டுட்டு அத எடுங்க.