பெரட்டுக்கு (தேயிலைத் தோட்டத்தில் காலை ஆளெடுப்புக்கு) முன் இருபது நிமிடம்: வேதம் வாசித்தால் போதுமா, காத்திருந்து கேட்கவும் வேண்டுமா?

மஸ்கெலியா மாலை:
வாலிபர் கூட்டத்தில் கொடுக்க ஒரு பக்கத் தாள் அடிக்கப் போகிறோம். அனுதின வேதவாசிப்போடு ‘செவிகொடுக்கும் ஜெபம்’ சேர்த்திருக்கிறது. வரைவு இதுதான், குறை இருந்தால் சொல்லுங்க.

2 நிமிடம் ஒரு சங்கீதம், வாய்விட்டு. 8 நிமிடம் மாற்கில் ஒரே பகுதி, 8 முதல் 12 வசனம், இரண்டு தரம். முதல் தரம் என்ன நடந்தது என்று பார்க்க. இரண்டாம் தரம் எந்த வசனம் நம்மை நிறுத்துகிறது என்று பார்க்க. பிறகு சிறுவன் சாமுவேல் சொன்ன மாதிரி “சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு 4 நிமிடம் மௌனம். 3 நிமிடத்தில் மனசில் பட்டதைக் கொப்பியில் இரண்டே வரி. கடைசி 3 நிமிடம் ஜெபம்.

மாற்கு ஏனென்றால் சுவிசேஷங்களில் அதுதான் சின்னது, 678 வசனம். இந்த வேகத்தில் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடப் போகும்.

பெரோயா வாசகர்:
வாசிப்புப் பகுதி நன்று. மௌனத்துக்கு சாமுவேலை இழுத்ததுதான் உதைக்கிறது. 1 சாமுவேல் 3-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள்: “அந்நாட்களிலே கர்த்தருடைய வசனம் அபூர்வமாயிருந்தது.” பையன் காத்திருக்கவில்லை, படுத்திருந்தான். ஆசாரியர் ஏலிதான் கூப்பிட்டார் என்று மூன்று தரம் எழுந்து ஓடுகிற அளவுக்கு அது காதில் விழுந்த சத்தம். வந்த செய்தியும் ஏலி வீட்டின் மேல் தீர்ப்பு. இதை வைத்து, தினமும் காலையில் நாலு நிமிடம் இருந்தால் ஆளுக்கு ஒரு செய்தி வரும் என்று எப்படிச் சொல்வது?

ரோமர் 10:17, “விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்.” கேட்க வேண்டியது அந்த வசனத்தில் இருக்கிறது. நாலு நிமிடத்தை மனப்பாடத்துக்குக் கொடுங்கள்.

மஸ்கெலியா மாலை:
அண்ணே, சாமுவேல் வேண்டாமென்றால் ஏசாயா 50:4 இருக்கிறதே, “காலைதோறும்” செவியைக் கவனிக்கச் செய்கிறார் என்று. எலியாவுக்கு “அமர்ந்த மெல்லிய சத்தம்” (1 இராஜாக்கள் 19:12). என் ஆடுகள் என் சத்தத்துக்குச் செவிகொடுக்கும் என்று யோவான் 10:27. இத்தனையும் மனப்பாடம் செய்வதற்கு மட்டுமா?

பெரோயா வாசகர்:
ஏசாயா 50-இல் பேசுகிறவர் கர்த்தருடைய தாசன். எலியா ஓரேப் மலையில் நிற்கிற தீர்க்கதரிசி. இரண்டு பேரும் நம்மைப் போலச் சாதாரண ஆள் இல்லை. யோவான் 10 யார் பின்னால் போகிறோம் என்பது பற்றியது, இன்றைக்கு என்ன செய்வது என்பது பற்றியதல்ல.

அந்தோனியார் மலை:
கத்தோலிக்கப் பக்கமிருந்து ஒரு சொல். இதைப் புதிதாக வந்த சபைகளின் பழக்கம் என்று இரண்டு பேரும் நினைக்கிற மாதிரித் தெரிகிறது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி இதை நாலு படியாக எழுதி வைத்தார்: வாசிப்பு, தியானம், செபம், கடைசியாக ஆண்டவர் முன் அமைதியாக இருப்பது. வரிசையைப் பாருங்கள். மௌனம் கடைசிப் படி. வாசித்ததை அசைபோட்டு, அதையே செபமாக்கி, பேச வேண்டியதைப் பேசி முடித்த பிறகு வருகிற ஓய்வு அது. செய்தி வாங்குகிற நேரம் இல்லை.

உங்கள் தாளில் மௌனம் செபத்துக்கு முன்னால், பேனையும் கையுமாக. அப்படி உட்கார்ந்தால் நாலு நிமிடத்தில் எதையாவது எழுதியே ஆக வேண்டும் என்று மனசு அவசரப்படும். ஒன்றும் வராதவர் தன்னிடம்தான் ஏதோ குறை என்று வருந்துவார், அல்லது இட்டுக்கட்டி எழுதுவார். இடத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். எழுதுவது தியானத்தோடு போகட்டும், மௌனத்துக்குப் பிறகு எதையும் எழுத வேண்டாம்.

கொழுந்துக்கூடை:
எல்லாரும் படிச்சவங்க பேசுறீங்க. இருபது நிமிஷம் யாருக்கு இருக்கு? பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில அடுப்பு எரியணும், ரொட்டி சுடணும், பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும், அதுக்குள்ள பெரட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ. மழை பெய்தா தகரத்துக்குக் கீழ பக்கத்தில இருக்கிறவங்க பேசுறதே கேக்காது. மௌனம்னு தாளில போட்டா, அது பொம்பளைங்களுக்கு இல்லைன்னு அர்த்தம்.

பிரிச்சுப் போடுங்க. காலையில அடுப்படியில ஒரு சங்கீதம் மட்டும். அதில ஒரு வரியை மனசில வச்சுக்கிட்டா கொழுந்து பறிக்கும்போது திரும்பத் திரும்பச் சொல்லலாம். மாற்கு ராத்திரிக்கு, பிள்ளைங்க படுத்த பிறகு. ஃபோனில கேக்கிறவங்க டவுனுக்குப் போகும்போதே ஆடியோவை இறக்கி வச்சுக்கணும், மலையில சிக்னலை நம்ப முடியாது. டேட்டாவையும் அணைச்சிடுங்க, இல்லாட்டி வாட்ஸ்அப் வந்து நிக்கும். படத்தோட வர்ற ஒரு வசனத்தை ஃபார்வர்ட் பண்ணிட்டு வேதம் வாசிச்சாச்சுன்னு நினைக்கிறது இப்ப பெரிய வியாதி.

இன்னொன்று, எழுத்துத் தெரியாத வயசானவங்களுக்கு ஒருத்தர் வாசிச்சுக் காட்டணும். 1854-இல தோட்டத்து ஆளுங்களுக்கு ஊழியம் செய்யத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கின காலத்திலேயே தோட்டத்தில வேதம் பெரும்பாலும் காதாலதான் உள்ளே போச்சு.

அந்தோனியார் மலை:
அக்கா சொல்கிற இராத்திரி நேரத்துக்கு இயேசு சபையைத் தொடங்கின லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை பொருந்தும். ஐந்து கட்டம்: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். பத்து நிமிடம் போதும், சத்தம் இருந்தாலும் நடக்கும்.

பெரோயா வாசகர்:
நேரப் பிரச்சினை தீரட்டும். என் பயம் வேறு. மலையகத்துச் சபைகளில் ‘கர்த்தர் சொன்னார்’ எங்கெல்லாம் போய் நிற்கிறது? இந்தப் பையனைக் கட்டு. அந்த ஏஜென்சியில் பணம் கட்டி வெளிநாடு போ. பிரஷர் மாத்திரையை விடு. மூன்றும் கொப்பியில் இரண்டு வரியாகத்தான் ஆரம்பிக்கும்.

எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்கிற எரேமியா 29:11-ஐ வெளிநாடு போகிறவர்களுக்குக் கொடுக்காத கூட்டம் உண்டா? அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. ஐந்தாம் வசனம், இருக்கிற இடத்திலேயே வீடு கட்டு, தோட்டம் நாட்டு என்கிறது. பாபிலோனுக்குச் சிறை போன ஒரு ஜனத்துக்கு எழுதின கடிதம் அது. விசா கிடைக்கும் என்ற வாக்கு அல்ல. ஏஜென்சி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்ததா என்று பார்ப்பதை எந்த உட்குரலும் மாற்றக் கூடாது.

மஸ்கெலியா மாலை:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன எரேமியா கதை வேதம் *வாசித்து* வந்த கேடு, மௌனத்தால் வந்ததில்லை. டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுத்து வருஷம் முழுக்க அதையே பிடித்துக்கொள்வது எந்த வகை? கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரல் வைப்பது எந்த வகை? அதற்காக வாசிப்பை நிறுத்தச் சொல்வீர்களா? 1 தெசலோனிக்கேயர் 5:20-ஐயும் 21-ஐயும் சேர்த்துத்தான் பார்க்கணும்: தீர்க்கதரிசனத்தை அற்பமாயெண்ணாதே, ஆனால் சோதித்துப் பார்.

தாளில் இப்படிச் சேர்க்கிறோம்: ‘கர்த்தர் சொன்னார்’ என்று எழுத வேண்டாம், ‘எனக்குப் பட்டது’ என்று எழுது. பக்கத்தில் எந்த வசனத்திலிருந்து என்று குறி. வசனம் இல்லாவிட்டால் அடித்து விடு. இன்னொருவருக்கான செய்தி எழுதாதே. ஆள் பெயர், திகதி, பணம் சம்பந்தப்பட்டது என்றால் அதை வைத்து முடிவெடுக்காதே. மருந்து விஷயம் டாக்டரோடு மட்டும்.

பெரோயா வாசகர்:
அட்டையை நிறுத்தலாம் என்றால் முதல் கை என்னுடையது. ஆனால் பகுதி பகுதியாகத் தொடர்ந்து வாசிக்கிறவரை அடுத்த நாள் வசனமே திருத்திவிடும். மௌனத்தில் பட்டதைத் திருத்த வெளியே ஒன்றும் கிடையாது. அந்த வித்தியாசத்தை மறைக்க வேண்டாம்.

முழு வேதமும் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு: 1189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வருஷத்தில் முடியும். ஜனவரி முடிகிறபோது லேவியராகமம் வரும், பெரும்பாலானவர்கள் அங்கே விழுவார்கள். விட்ட நாட்களைத் துரத்தாமல் இன்றைய திகதியிலிருந்து தொடரச் சொல்லுங்கள்; பத்து நாள் பாக்கியை ஒரே ஞாயிறில் தீர்க்கப் போய்த்தான் அட்டவணையே கைவிடப்படுகிறது.

அந்தோனியார் மலை:
இஞ்ஞாசியார் விதி ஒன்றையும் தாளில் போடலாம்: மனசு சோர்ந்து இருண்டு கிடக்கிற நாளில், முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே.

இன்னொன்று கட்டாயம். மனசில் படுவது வேறு, காதில் ஆள் குரல் கேட்பது வேறு. குரல் தொடர்ந்து கேட்டால், தூக்கம் போனால், தன்னையோ பிறரையோ வருத்தச் சொன்னால் செபக் குழுவோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம்.

கொழுந்துக்கூடை:
சோதிச்சுப் பார்க்கிறதுன்னா கொப்பியை யார் பார்க்கிறது? வாலிபர் தலைவர் பொம்பளைப் பிள்ளைங்க கொப்பியை வாங்கிப் படிக்கிற கதை ஆகக் கூடாது.

மஸ்கெலியா மாலை:
கொப்பி யாருக்கும் கொடுக்கப்படாது. மாதம் ஒரு தரம், அவரவர் தெரிந்தெடுத்த ஒரு மூத்த ஆளிடம், பெண்களுக்குப் பெண்களே, தாங்கள் விரும்பின வரியை மட்டும் வாசித்துக் காட்டினால் போதும். மௌனம் கடைசிக்குப் போகிறது, 2 நிமிடமாகக் குறைகிறது. மிச்சம் 2 நிமிடம் பெரோயா அண்ணன் கேட்ட மனப்பாடத்துக்கு.

பெரோயா வாசகர்:
அந்த 2 நிமிடத்தையும் நான் நடத்துகிற கூட்டத்தில் அடித்துவிட்டுத்தான் கொடுப்பேன். மற்றதெல்லாம் சரி, அச்சடியுங்கள்.

கொழுந்துக்கூடை:
எழுத்தைப் பெருசாப் போடுங்க.