காரில்லாமல் வாழ ஓக் பார்க் ஒத்துவருமா?

கேள்வி
வணக்கம். வேலை மாற்றலாகி ஆகஸ்டில் சிகாகோவுக்குக் குடிபெயர்கிறோம். அலுவலகம் நகர மையமான லூப் பகுதியில் இருக்கிறது. நம்மவர்கள் பலரும் புறநகர்களான நேப்பர்வில், அரோரா பக்கமே வீடு பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் என் மனைவி கார் ஓட்டுவதில்லை. ஆறு மாதம் தங்க வரவிருக்கும் அம்மாவோ, மாம்பலத்தில் காலையில் கோயில், திரும்பும் வழியில் காய்கறி என்று நடந்தே பழகியவர். சென்ற முறை வேறோர் ஊரில் எங்களோடு இருந்தபோது, யாராவது வண்டியில் அழைத்துப் போனாலொழிய வாசலைத் தாண்ட முடியாமல் சன்னலோரமே உட்கார்ந்திருந்தார். சிகாகோவை மேற்கில் ஒட்டியுள்ள, பல இனத்தவரும் கலந்து வாழும் ஊர் என்று சொல்லப்படும் ஓக் பார்க் எங்களுக்குப் பொருந்துமா?

மறுமொழி 1
ஒன்பது ஆண்டுகளாக இங்கே வாடகைக்கு இருக்கிறேன். ஹார்லெம்–லேக் நிலையம் கிரீன் லைன் ரயிலின் மேற்குக் கோடி என்பதால் காலையில் உட்கார இடம் கிடைத்துவிடும். லூப்புக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். ஊரின் தென்பகுதியில் புளூ லைனும் உண்டு. நிலையத்தை ஒட்டியே கடைத்தெரு, சற்றுத் தள்ளி நூலகமும் ஸ்கோவில் பூங்காவும் இருப்பதால் தங்கள் அம்மா தனியாகவே போய் வரலாம். குளிர்காலத்தில் மட்டும் அந்த நம்பிக்கை வேண்டாம். ஜனவரியில் நடைபாதைப் பனி உருகி இரவில் மீண்டும் கண்ணாடியாய் உறைந்துவிடும். நடைமேடையில் வெப்ப விளக்கின் அடியில் நமக்கு முன்பே புறாக்கள் இடம் பிடித்திருக்கும்.

மறுமொழி 2
கலந்து வாழ்வது இங்கே தானாக அமைந்துவிடவில்லை. வேதியியலாளர் பெர்சி ஜூலியன் 1950-ல் இங்கே வீடு வாங்கியபோது, அவர் கறுப்பினத்தவர் என்பதற்காகக் குடிபுகும் முன்பே அவ்வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள். மறு ஆண்டு வெடிகுண்டு வீசினார்கள். இன்று ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயர். கிழக்கு எல்லைக்கு அப்பால், சிகாகோவின் ஆஸ்டின் பகுதியில், “கறுப்பினத்தவர் வருகிறார்கள், விலை விழப்போகிறது” என்று தரகர்கள் கிளப்பிய பீதியில் வெள்ளையர்கள் தெருத்தெருவாக விற்றுவிட்டு வெளியேறினார்கள். அது இங்கும் நடந்துவிடாதிருக்க, 1968-ல் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஊராட்சிச் சட்டம் வந்தது. 1972-ல், பீதி பரவாதிருக்க, ‘விற்பனைக்கு’ என்ற பலகைகளை வாசலில் நடுவதையே தடைசெய்தார்கள். அத்தகைய தடை பேச்சுரிமைக்கு முரணானது என்று 1977-ல் வேறோர் ஊரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், தரகர்கள் நெடுங்காலம் தாமாகவே பலகை நடாமல் இருந்தார்கள். எனினும் எல்லையாக ஓடும் ஆஸ்டின் புலவார்டு சாலையைக் குறுக்கே கடந்து பாருங்கள். கடைகளும் பராமரிப்பும் எவ்வளவு மாறுகின்றன என்பது கண்ணில் படும்.

மறுமொழி 3
மேலே யாரும் காசைப் பற்றிப் பேசவில்லை. சொத்து வரி மிக அதிகம். வாடகைக்கு இருப்பவர்களும் அதை மறைமுகமாகச் சுமக்கிறோம். பின்னாளில் கார் வாங்கினால், அனுமதிச் சீட்டு இல்லாமல் பின்னிரவில் தெருவில் நிறுத்த முடியாது என்பதால், நிறுத்துமிடம் உள்ள வீடாகப் பாருங்கள். கோயிலை மறந்துவிடாதீர்கள்: கோயில்கள் உள்ள லெமான்ட், அரோரா இரண்டுக்கும் வண்டி தேவை. முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வாங்க சிகாகோவில் இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூவுக்கு ரயிலும் பேருந்தும் மாறிப் போகிறேன். அரை நாள் போய்விடும். வீட்டுக்கு வருவித்துக்கொள்வதே மேல். பல இனத்தவர் என்றால் நம்மவர் நிறைய என்று பொருளன்று. நேப்பர்வில்லைப் போலப் பக்கத்து வீட்டில் தமிழ் கேட்காது.

கேட்டவர்
மிக்க நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கோயிலுக்கு மாதம் ஒருமுறை வாடகைக் கார் போதுமாம், பேச்சுத் துணைக்குத்தான் தொலைபேசி இருக்கிறதே என்கிறார். டிசம்பரில் வருவதாக இருந்தவரை மே மாதத்துக்கு மாற்றியிருக்கிறோம். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு காலியானால் தெரிவியுங்கள்.